படக்கோப்பின் முதல் பக்கம்

பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று கையில் கிடைத்தால் பெரியவர்கள் முதலில் அதைத் திருப்பிப் பார்ப்பார்கள். பின்பக்கத்தில் ஸ்டுடியோவின் ரப்பர் முத்திரை இருக்கும். சில படங்களில் மை மங்கிய தேதியும், “பெரியவள் காதுகுத்து, குலதெய்வம் கோயில்” என்பது போல ஒரு வரியும் இருக்கும். அந்த ஒரு வரி இல்லாத படத்தில் இருப்பவர்கள் ஓரிரு தலைமுறையில் பெயர் தெரியாதவர்களாகிவிடுகிறார்கள்.

கைப்பேசியில் எடுக்கும் படத்துக்கும் பின்பக்கம் உண்டு. அதில் எழுதுவது கருவி. பொத்தானை அழுத்திய கணத்திலேயே தேதி, நேரம், கருவியின் பெயர், லென்ஸ் துளையின் அளவு, நின்ற இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எனப் பல விவரங்களைப் படக்கோப்புக்குள் எழுதி முடித்துவிடுகிறது. இவற்றுக்குப் பொதுப்பெயர் மெட்டாடேட்டா. கேமராக்கள் எழுதும் வகைக்கு எக்ஸிஃப் என்று பெயர். சிலர் இதைக் கண்டு அஞ்சுகிறார்கள், சிலர் மறுக்க முடியாத ஆதாரமாக நீட்டுகிறார்கள். ஒரு சாட்சியின் வாக்குமூலத்தைக் கேட்பதுபோல இதைப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. முழுதாகக் கேட்க வேண்டும், மற்ற தடயங்களோடு பொருத்திப் பார்க்க வேண்டும், அதன் பிறகே நம்ப வேண்டும்.

255, 216

ஒரு ஜேபெக் கோப்பைப் படமாகத் திறக்காமல் எண்களின் வரிசையாகவும் திறந்து பார்க்கலாம். அதற்கென்றே இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. முதல் இரண்டு பைட்டுகள் 255, 216. எல்லா ஜேபெக் கோப்புகளும் இந்த இரண்டு எண்களோடுதான் தொடங்கும். கேமராவிலிருந்து நேராக வந்த கோப்பில் அடுத்து பெரும்பாலும் 255, 225 என்ற இணை வரும். தனிப்பகுதி ஒன்று தொடங்குகிறது என்பதற்கான குறி அது. அதற்கடுத்த இரண்டு பைட்டுகள் அந்தப் பகுதியின் நீளத்தைச் சொல்கின்றன. இரண்டு பைட்டுகளில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 65,535 என்பதால் இந்தப் பகுதி சுமார் 64 கிலோபைட்டைத் தாண்டி வளர முடியாது. நீளத்துக்குப் பிறகு எக்ஸிஃப் என்ற பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகளும் இரண்டு பூச்சியங்களும் வருகின்றன. இவ்வளவு தூரம் படித்த பிறகும் படத்தின் ஒரு புள்ளிகூடத் தொடங்கியிருக்காது. கோப்பின் முதல் பக்கம் முழுக்கக் கருவியின் குறிப்புதான்.

அடுத்து இரண்டு எழுத்துகள் வரும்: ‘ஐ ஐ’ அல்லது ‘எம் எம்’. இன்டெல், மோட்டோரோலா என்ற பெயர்களின் முதல் எழுத்துகள் இவை. ஒன்றுக்கு மேற்பட்ட பைட்டுகளில் எழுதிய எண்ணை எந்த முனையிலிருந்து படிப்பது என்பதில் அந்த இரு நிறுவனங்களின் சில்லுகளும் எதிரெதிர் வழக்கம் கொண்டவை. ஆல்டஸ் நிறுவனம் 1986இல் உருவாக்கிய டிஃப் என்ற பட வடிவம் இரண்டு வழக்கத்தையும் ஏற்றுக்கொண்டு, எதைப் பின்பற்றுகிறாய் என்பதை முதலிலேயே சொல்லிவிடு என்று விதி வைத்தது. எக்ஸிஃப் அந்த அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டது. இன்று காலை நீங்கள் எடுத்த படத்துக்குள்ளும் நாற்பது ஆண்டுப் பழைய அந்தச் சில்லு வேறுபாடு பதிவாகியிருக்கிறது.

அதன்பின் வருவது ஓர் அட்டவணை. ஒவ்வொரு பதிவும் சரியாக 12 பைட்டு. எந்த விவரம் என்பதற்கு ஓர் எண், எந்த வகைத் தரவு, எத்தனை உருப்படி, மதிப்பு அல்லது மதிப்பு இருக்கும் இடம். விவரங்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். படம் எடுத்த நேரம் 36867. ஷட்டர் திறந்திருந்த நேரம் 33434. லென்ஸ் துளை 33437. ஐஎஸ்ஓ உணர்திறன் 34855. நாம் மென்பொருளில் பார்க்கும் பெயர்கள் எல்லாம் இந்த எண்களுக்குப் பிறகு ஒட்டியவை.

இவற்றில் 274 என்ற எண்ணை எல்லோரும் அறியாமலே சந்தித்திருப்பீர்கள். கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்தாலும் படுக்க வைத்துப் பிடித்தாலும் உள்ளே இருக்கும் உணரி அசைவதில்லை. அது எப்போதும் ஒரே வாட்டத்தில்தான் புள்ளிகளைப் படிக்கிறது. கைப்பேசி எப்படிப் பிடிக்கப்பட்டிருந்தது என்பதை 274 என்ற கட்டத்தில் 1 முதல் 8 வரையிலான ஓர் எண்ணாக எழுதி வைக்கிறது. 6 என்று இருந்தால், காட்டும்போது வலப்பக்கமாகக் கால் வட்டம் திருப்பிக் காட்டு என்று பொருள். இந்த எண்ணைப் படிக்கத் தெரியாத மென்பொருளில் படம் படுத்துவிடும். இணையவழி விண்ணப்பத்தில் ஏற்றிய முகப்படம் பக்கவாட்டில் கிடப்பதற்கு இதுவே பொதுவான காரணம். படத்தில் குறை எதுவும் இருக்காது. குறிப்பைப் படிக்காத மென்பொருளால் வந்தது அது.

இந்த ஏற்பாட்டை வகுத்தவர்கள் ஜப்பானிய மின்னணுத் தொழில்துறைச் சங்கத்தினர். முதல் பதிப்பு 1995இல் வந்தது. ஒரு நிறுவனத்தின் கேமரா எடுத்த படத்தை இன்னொரு நிறுவனத்தின் கணினியும் அச்சுப்பொறியும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர்களின் தேவை. ஃபிலிம் காலத்துப் புகைப்படக்காரர்கள் எந்தத் துளையில், எந்த வேகத்தில் எடுத்தோம் என்று நோட்டில் குறித்து வைத்தார்கள். அந்த வேலையையும் கருவியே ஏற்றுக்கொண்டது. வேவு பார்க்கும் நோக்கம் எதுவும் அதில் இல்லை. 1998இல் வந்த 2.1 பதிப்பில் ஜிபிஎஸ் விவரங்களுக்கும் கட்டங்கள் இருந்தன. அப்போது அவை பெரும்பாலும் காலியாகவே கிடந்தன, ஜிபிஎஸ் கொண்ட கேமரா அன்று மிக அரிது. பத்தாண்டு கழித்து, ஜிபிஎஸ் உள்ள கைப்பேசிகள் பரவியபோது, காத்திருந்த கட்டங்கள் தாமாக நிரம்பத் தொடங்கின.

எழுதப்படும் இடம்

மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் முன் நின்று எடுத்த படம் என்று வைத்துக்கொள்வோம். எக்ஸிஃப் அந்த இடத்தைப் பாகை, நிமிடம், வினாடி என்று மூன்று பின்னங்களாக எழுதும்: அட்சரேகை சுமார் 12 பாகை 37 நிமிடம், தீர்க்கரேகை சுமார் 80 பாகை 12 நிமிடம். வடக்கா தெற்கா, கிழக்கா மேற்கா என்பது இந்த எண்களில் சேராது. அதற்குத் தனியே ஓர் எழுத்து, தனிக் கட்டத்தில். அவசரமாக எழுதிய ஒரு மென்பொருள் கிழக்கு என்ற எழுத்தைத் தவறவிட்டு மேற்கு என்று கொண்டால் நம் கடற்கரைக் கோயில் கரீபியக் கடலின் நடுவே போய் நிற்கும். தவறு கருவியுடையதா, இடையில் கைவைத்த மென்பொருளுடையதா என்று பார்க்காமல் இடத்தை நம்பக் கூடாது.

வினாடியைத் தசம இலக்கங்களோடு எழுதுவதால் அது மிகத் துல்லியமானது போலத் தோன்றும். அட்சரேகையில் ஒரு வினாடி தரையில் சுமார் 31 மீட்டர். அதில் நூறில் ஒரு பங்கு வரை எழுதினால் 31 சென்டிமீட்டர். ஆனால் கைப்பேசியின் ஜிபிஎஸ் திறந்த வெளியில் சில மீட்டர் பிசகும். உயரமான கட்டடங்களுக்கு இடையில் இன்னும் அதிகம் பிசகும். பையிலிருந்து எடுத்த உடனே சொடுக்கிய முதல் படத்தில் பழைய இடமே பதிவாகியிருக்கவும் கூடும். புதிய கைப்பேசிகள் பல, எத்தனை மீட்டர் பிசகலாம் என்பதையும் சேர்த்தே எழுதுகின்றன. அந்த எண்ணையும் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது.

இடத்தோடு ஒரு நேரமும் எழுதப்படுகிறது. இது செயற்கைக்கோள் தரும் உலகப் பொது நேரம். 36867ஆம் கட்டத்தில் இருப்பது கைப்பேசியின் உள்ளூர் நேரம். இந்தியாவிலோ இலங்கையிலோ எடுத்த படத்தில் இரண்டுக்கும் நடுவே ஐந்தரை மணி நேரம் இருக்க வேண்டும். கட்டத்தில் காலை 10:32 என்றால் ஜிபிஎஸ் நேரம் 5:02 அளவில் இருக்கும். இடைவெளி எட்டு மணி என்று வந்தால் கைப்பேசியின் கடிகாரம் வேறு நாட்டு நேரத்தில் இருந்திருக்க வேண்டும், அல்லது யாரோ ஒரு நேரத்தை மட்டும் மாற்றியிருக்க வேண்டும். உள்ளூர் நேரம் எந்த நாட்டுக்குரியது என்று எழுதவே 2016 வரை எக்ஸிஃபில் தனிக் கட்டம் கிடையாது. பழைய படங்களின் நேரத்தை ஆராய்பவர்களுக்கு இது பெரிய தலைவலி.

இடம் வெளிப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன். 2007இல் ஈராக்கில் இருந்த அமெரிக்கப் படைத்தளம் ஒன்றுக்குப் புதிய ஹெலிகாப்டர்கள் வந்தன. அவற்றைப் படமெடுத்த வீரர்கள் இணையத்தில் ஏற்றினார்கள். படங்களில் இருந்த இடக்குறிப்பைக் கொண்டு எதிரிகள் மோர்ட்டார் தாக்குதல் நடத்தி நான்கு அப்பாச்சி ஹெலிகாப்டர்களை அழித்ததாக அமெரிக்கத் தரைப்படையே பிற்பாடு, 2012இல், வீரர்களை எச்சரிக்கும்போது சொன்னது. அதே 2012 டிசம்பரில், பெலீஸ் நாட்டுக் காவல்துறை விசாரிக்கத் தேடிக்கொண்டிருந்த, கணினிப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்றின் நிறுவனர் ஜான் மெக்கஃபி தலைமறைவாக இருந்தார். அவரோடு பயணம் செய்த வைஸ் இதழின் செய்தியாளர்கள் அவர் படத்தைப் பெருமிதத்துடன் வெளியிட்டார்கள். ஐஃபோனில் எடுத்த அந்தப் படத்துக்குள் இடக்குறிப்பு அப்படியே இருந்தது. வாசகர்கள் அதைப் பிரித்துப் பார்த்து, அவர் குவாத்தமாலாவில் ரியோ துல்சே பகுதியில் இருப்பதைச் சொல்லிவிட்டார்கள். தானே பொய்யான இடத்தை எழுதி வைத்ததாக அவர் முதலில் கூறினார். பின்னர் குவாத்தமாலாவில் இருப்பதை ஒப்புக்கொண்டார். சில நாட்களில் கைதானார். அவர் முதலில் சொன்னதை யாரும் உடனடியாகத் தள்ளிவிட முடியவில்லை என்பதைக் கவனியுங்கள். இடத்தை மாற்றி எழுதுவது உண்மையிலேயே எளிது.

ஒளியின் கணக்கு

தேதியையும் இடத்தையும் மாற்றுபவர்கள் ஷட்டர் நேரத்தையும் ஐஎஸ்ஓவையும் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். என் பார்வையில் எக்ஸிஃபின் மிகச் சுவையான பகுதி இதுதான். துளை, நேரம், உணர்திறன் மூன்றையும் சேர்த்தால் படம் எடுத்த இடத்தில் எவ்வளவு வெளிச்சம் இருந்தது என்று கணக்கிட்டுவிடலாம். கேமரா தன்னையறியாமல் ஓர் ஒளிமானியாகவும் வேலை செய்திருக்கிறது.

ஃபிலிம் காலத்து விதி ஒன்று உண்டு. நல்ல வெயிலில் துளையை எஃப் 16இல் வை. ஐஎஸ்ஓ 100 என்றால் ஷட்டர் நொடியில் நூறில் ஒரு பங்கு. கைப்பேசியின் துளை எஃப் 1.8 என்றால் அது சுமார் 79 மடங்கு ஒளியை உள்ளே விடும். ஐஎஸ்ஓவைப் பாதியாக்கி 50இல் வைத்தால், ஷட்டர் நொடியில் நாலாயிரத்தில் ஒரு பங்குக்கு இறங்க வேண்டும். வெயிலில் எடுத்த கைப்பேசிப் படங்களில் ஏறத்தாழ இத்தகைய எண்களைத்தான் காண்பீர்கள். இரவில் டியூப்லைட் எரியும் அறையில் அதே கைப்பேசி ஐஎஸ்ஓ 800, நொடியில் நூறில் ஒரு பங்கு என்று போகும். உணர்திறன் 16 மடங்கு, நேரம் 40 மடங்கு, பெருக்கினால் 640. அதாவது அந்த அறையில் வெளிச்சம் வெயிலைவிட 640 மடங்கு குறைவு.

இப்போது ஒரு படத்தில் பளிச்சென்று வெயில் அடிக்கிறது, நேரம் பகல் 12:10 என்கிறது, ஆனால் ஐஎஸ்ஓ 800 என்று இருந்தால் என்ன பொருள்? வெயில் படத்தில் இருக்கிறது, கேமராவின் முன்னால் இல்லை. இன்னொரு கைப்பேசித் திரையையோ அச்சிட்ட படத்தையோ வீட்டுக்குள் வைத்து எடுத்திருக்க வாய்ப்பு அதிகம். இது வெறும் கற்பனையல்ல. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் வேலையிடங்களில் இடக்குறியோடு நாளைக்கு இரண்டு படம் எடுத்து ஏற்றுவது கட்டாயமாக்கப்பட்டது. 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் அனுப்பிய சுற்றறிக்கை, படத்தையே மறுபடி படமெடுத்து ஏற்றுவது உள்ளிட்ட முறைகேடுகளைச் சுட்டிக்காட்டியது. அப்படிப்பட்ட படத்தில் இடம் சரி, நேரமும் சரி, படத்தில் இருக்கும் ஆட்கள்தான் அங்கே இல்லை. இடக்குறி எதைச் சொல்கிறது என்பதில் நமக்குத் தெளிவு வேண்டும்: கருவி அங்கே இருந்தது என்று மட்டுமே அது சொல்கிறது. வெயிலிலேயே வைத்து மறுபடி எடுத்த அச்சுப்படத்தை என் ஒளிக் கணக்காலும் பிடிக்க முடியாது.

ஒளியோடு நிழலும் உதவும். தேதி, நேரம், இடம் மூன்றும் தெரிந்தால் சூரியன் வானில் எங்கே இருந்தது என்பதைப் பிசகில்லாமல் கணக்கிடலாம். சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய நாட்களையொட்டி நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் வரும். பள்ளிப் பிள்ளைகள் நிழலில்லா நாள் என்று குச்சி நட்டுப் பார்க்கிறார்களே, அந்த நாட்கள். டிசம்பர் கடைசியில் அதே நண்பகலில் ஒரு மீட்டர் குச்சிக்கு முக்கால் மீட்டர் அளவு நிழல் விழும். ஆகஸ்ட் 18 நண்பகல், சென்னை என்று எக்ஸிஃப் சொல்லும் படத்தில் விளக்குக் கம்பத்தின் நிழல் தெருவில் நீண்டு கிடந்தால் எதை நம்புவது என்பதில் சந்தேகமே வேண்டாம்.

எக்ஸிஃபுக்குள் இன்னொரு சாட்சியும் ஒளிந்திருக்கும்: பெரும்பாலும் 160க்கு 120 புள்ளி அளவில் ஒரு சிறு முன்னோட்டப் படம். கேமராவின் திரையில் விரைவாகக் காட்டுவதற்காக வைத்தது. சில மென்பொருள்கள் பெரிய படத்தை வெட்டிவிட்டு இந்தச் சிறு படத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிடும். வெட்டி எறிந்த பகுதி உள்ளே அப்படியே இருக்கும். 2003இல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஒருவர் வெட்டி வெளியிட்ட தன் படங்களின் முழு வடிவம் இந்த வழியில் வெளியாகி அவரைத் துன்புறுத்தியது. பாதிக்கப்பட்டவரின் முகத்தை மறைத்து வெளியிடும் செய்தியாளர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

உரிக்கப்பட்ட படங்கள்

வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் எக்ஸிஃப் விவரங்கள் உரிக்கப்பட்டுவிடும். அதே படத்தை ஆவணமாக, அதாவது டாக்குமென்ட் என்று இணைத்து அனுப்பினால் எல்லா விவரங்களும் கூடவே செல்லும். மின்னஞ்சலிலும் அப்படியே. பெரிய சமூக வலைத்தளங்கள் பிறருக்குக் காட்டும் பிரதியில் இவற்றை நீக்கிவிடுகின்றன. ஆனால் நீங்கள் ஏற்றிய கோப்பு பல சமயம் விவரங்களோடுதான் அந்த நிறுவனத்தின் கணினியைச் சென்றடைகிறது. மற்றவர் பார்க்க முடியாது என்பதால் நிறுவனத்துக்கும் தெரியாது என்று பொருளல்ல.

எல்லோரும் எல்லாப் படங்களிலும் இடத்தை அழிக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சிலருக்கு இது உயிர்ப் பிரச்சினை. அடிக்கும் கணவனிடமிருந்து தப்பி வேறு ஊரில் வாழும் பெண், வீட்டு ஜன்னலிலிருந்து ஊழலைப் படமெடுத்து அனுப்புபவர், பிள்ளையின் படத்தைத் தினமும் அனுப்பும் தாய். பெர்க்லியில் உள்ள சர்வதேசக் கணினி அறிவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2010லேயே, பழைய பொருள் விற்க வீட்டில் வைத்து எடுத்த விளம்பரப் படங்களிலிருந்து வீட்டு முகவரியைக் கண்டறிய முடியும் என்று காட்டினார்கள். விலங்குகளுக்கும் இந்த ஆபத்து உண்டு. ஐநேச்சுரலிஸ்ட் தளம், அழிவின் விளிம்பிலுள்ள உயிரினத்தின் படத்தை ஏற்றினால் சரியான இடத்தைப் பொதுவில் காட்டாமல், சுமார் 20 கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரத்துக்குள் எங்கோ என்று மட்டுமே காட்டுகிறது. வேட்டைக்காரனுக்குப் பயன்படாது, ஆய்வாளருக்குப் பயன்படும். இந்த நடுவழி எனக்கு மிகவும் பிடித்தது.

ஐஃபோனில் படத்தைப் பகிரும்போது மேலே வரும் தெரிவுகளில் இடத்தை மட்டும் நீக்கி அனுப்பும் வசதி 2019இலிருந்து இருக்கிறது. அதே ஆண்டு வந்த ஆண்ட்ராய்டு 10இலிருந்து, படங்களின் இடக்குறியைப் படிக்கச் செயலிகள் தனி அனுமதி பெற வேண்டும். விண்டோஸ் கணினியில் கோப்பின் பண்புகள் பகுதியிலேயே விவரங்களை நீக்கலாம். மூலத்தைத் தொடாமல் பிரதியில் நீக்குங்கள். நாளை அந்தப் படம் வழக்கில் தேவைப்பட்டால் உரிக்கப்பட்ட பிரதியின் மதிப்பு குறைவு. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணு ஆவணத்தோடு தரும் சான்றிதழில், கோப்பின் ஹாஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். கோப்பில் ஒரு பைட் மாறினாலும் மாறிவிடும் எண் அது. ஆனால் ஹாஷ் எடுத்த பிறகு கோப்பு மாறவில்லை என்பதையே அது காட்டும். அதற்கு முன்பே பொய்யாக எழுதியிருந்தால் அந்தப் பொய்யும் பத்திரமாகவே இருக்கும்.

எல்லாவற்றையும் உரித்த பின்னும் கருவியின் அடையாளம் முழுதாகப் போவதில்லை. உணரியின் ஒவ்வொரு புள்ளியும் சிலிக்கானில் உள்ள நுண்ணிய வேறுபாடுகளால் ஒளிக்குச் சற்றே வேறுவிதமாக எதிர்வினை தருகிறது. ஒரே மாதிரியில் தயாரான இரண்டு கேமராக்களுக்குக்கூட இந்த அமைப்பு ஒன்றாக இருக்காது. நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் பல்கலைக்கழகத்தில் யெசிக்கா ஃப்ரிட்ரிக்கும் அவரது குழுவினரும் 2006 அளவில், இந்த மெல்லிய இரைச்சலைப் பல படங்களிலிருந்து சராசரி எடுத்துப் பிரித்து, எந்தப் படம் எந்தக் கேமராவில் எடுத்தது என்று கண்டறியும் முறையை உருவாக்கினார்கள். எக்ஸிஃபை யாரும் மாற்றி எழுதலாம். இதைத் திருத்துவது அவ்வளவு எளிதல்ல.

இத்தனை விவரங்களை எழுதும் கருவி எழுதாமல் விடுவது எது என்று பாருங்கள். படத்தில் யார், என்ன விசேஷம், ஏன் எல்லோரும் சிரிக்கிறார்கள். தாத்தாவின் 1968 கல்யாணப் படத்தை இன்று ஸ்கேன் செய்தால் கோப்பில் ஏறுவது ஸ்கேன் செய்த தேதிதான். வாட்ஸப்பில் வந்த படத்தின் கோப்புப் பெயரில் இருக்கும் தேதியையும் எடுத்த நாளாகக் கொள்ளக் கூடாது. இவற்றைக் கையால்தான் எழுத வேண்டும். எக்ஸிஃபில் விளக்கத்துக்கென்று ஒரு கட்டம் தொடக்கத்திலிருந்தே உண்டு. ஆனால் தர விதிப்படி அதில் ஆங்கில எழுத்துகளை மட்டுமே எழுத முடிந்தது. தமிழ் உட்பட உலக மொழிகளை அதில் எழுத விதி இடம் தந்தது 2023இல் வந்த 3.0 பதிப்பில்தான். அதற்கு முன்பே, அடோபி நிறுவனம் 2001இல் கொண்டுவந்த எக்ஸ்எம்பி என்ற இன்னொரு பகுதி யூனிகோடை ஏற்றுக்கொண்டது. செய்தி நிறுவனங்கள் படவிளக்கங்களை அதில் எழுதுகின்றன. வீட்டுப் படங்களுக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். ஃபில் ஹார்வி 2003இலிருந்து வளர்த்துவரும் எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளால் ஓர் ஆல்பம் முழுவதற்கும் உண்மையான தேதியையும், தமிழிலேயே பெயர்களையும் உறவுமுறையையும் ஒரே கட்டளையில் எழுதிவிடலாம். பெயர்களைச் சொல்லக்கூடிய பாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது தட்டச்சு செய்வது எல்லாவற்றையும்விட விரைவான வழி.